தொழிலாளர் இழப்பீடும் தாமதமும்: ஒரு சட்ட வரலாறு

வேலையின்போது காயமடைந்த தொழிலாளிக்கும், வேலையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் முதலாளி சட்டப்படி தர வேண்டிய தொகை தொழிலாளர் இழப்பீடு எனப்படுகிறது. இந்தியாவில் இதற்கென முதல் தனிச்சட்டம் 1923 இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு உண்டா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிட்டது. எப்போது கைக்கு வரும் என்ற கேள்விக்கு விடை காண மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்த இரண்டாவது கேள்வி சிறியதன்று. கை போனவருக்கு ஐந்து ஆண்டு கழித்து வரும் பணம், அதற்குள் வாங்கிய கடனுக்கும் அதன் வட்டிக்குமே சரியாகிவிடும். பிள்ளையின் படிப்பு நின்றிருக்கும், மனைவியின் நகை மூழ்கியிருக்கும். அதனால்தான் இச்சட்டத்தில் பின்னர் வந்த முக்கியமான திருத்தங்களில் பலவும், நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் தாமதத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டன. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்துத் தொழிலாளரின் நிலையோடு சேர்த்துச் சொல்கிறது.

உதிரப்பட்டி

வேலையில் உயிர்விட்டவனின் குடும்பத்தைக் காப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் நம்மிடம் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972 இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக அவற்றை வெளியிட்டது. ஆநிரைகளை மீட்கும் பூசலில் இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட கற்கள் அவற்றில் மிகுதி.

இப்படி இறந்தவரின் வழியினருக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அந்த நிலத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி, இரத்தக்காணி என்ற பெயர்களால் குறிக்கின்றன. உதிரம், நெய்த்தோர் இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்களே. ஆனால் இது ஊராரோ அரசரோ மனமுவந்து அளித்த கொடை. கொடுக்காவிட்டால் கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் இல்லை. கொடை உரிமையாக மாறியது ஆலைகளின் காலத்தில்தான்.

குற்றம் யாருடையது?

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகியபோது, காயமடைந்த தொழிலாளி முதலாளியின் மீது வழக்குப் போட்டால் அவருடைய தவற்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1837 இல் வந்த பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்ற வழக்கு தொழிலாளருக்குப் பெரும் தடையாக அமைந்தது. அதிகச் சுமை ஏற்றிய வண்டி முறிந்து, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள் காயமடைந்தார். முதலாளி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கூறியது. உடன் வேலை செய்பவரின் தவற்றால் நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது.

இந்தியாவில் 1855 இல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது. இறந்தவரின் குடும்பத்தார் வழக்குப் போடலாம் என்றது. எனினும் எதிராளியின் தவற்றைக் காட்டும் சுமை குடும்பத்தின் தலையிலேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளின் மனைவி உரிமையியல் நீதிமன்றத்தில் இதைச் செய்வது எளிதா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

மாற்றம் ஜெர்மனியில் தொடங்கியது. பிஸ்மார்க் ஆட்சியில் 1884 இல் தொழிற்சாலை விபத்துகளுக்குக் கட்டாயக் காப்பீடு வந்தது. பிரிட்டன் 1897 இல் தன் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: யார் தவறு செய்தார் என்று தேட வேண்டாம், வேலையால், வேலையின்போது காயம் நேர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

1923 ஆம் ஆண்டுச் சட்டம்

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. மத்திய சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி தொழிலாளருக்காகப் பேசினார். இச்சூழலில் 1923 மார்ச்சில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றது.

தொடக்கத்தில் தொகை சிறியது. இறப்புக்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. நிரந்தர முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், அதிலும் எது குறைவோ அதுவே. முழங்கைக்கு மேல் வலக்கையை இழந்தால் 70 சதவீதம், இடக்கையானால் 60 சதவீதம் என்றுகூட அட்டவணை பிரித்தது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களை நினைக்காத இந்தப் பிரிவினை பின்னாளில் நீக்கப்பட்டது.

தொகை சிறியதானாலும், ஏழைத் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதிய பிரிவுகள் இச்சட்டத்தில் உண்டு. வழக்கை உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமல், இதற்கென அமர்த்தப்படும் ஆணையரிடம் கொடுக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்து, அவர் விரும்பினால், ஆணையரின் மேற்பார்வையிலேயே மனுவை எழுதித் தர வேண்டும். வழக்கறிஞர்தான் வர வேண்டும் என்பதில்லை. தொழிற்சங்க நிர்வாகியும் தொழிலாளிக்காக முன்னிற்கலாம். இழப்பீட்டுத் தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. "எனக்கு இழப்பீடு வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது.

ஒப்பந்தக்காரர், மேஸ்திரி ஆகியோர் வழியாக வேலைக்கு வந்தவருக்கும் வழி சொல்லப்பட்டது. மேஸ்திரி கைவிரித்தாலும், எவருடைய தொழிலுக்காக அந்த வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். கொடுத்த தொகையை மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அந்த முதலாளியின் பாடு.

விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பின், 1933 இல் பெரிய திருத்தம் வந்தது. உயிரிழப்பு நேர்ந்ததாக ஆணையருக்குத் தெரியவந்தால், அவரே முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி விளக்கம் கேட்கலாம் என்ற அதிகாரம் அப்போது சேர்ந்தது. வழி தெரியாமல் வீட்டில் அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தைச் சட்டம் தானாகத் தேடிப் போகும் முயற்சி இது.

தாமதத்துக்கு விலை

இத்தனை இருந்தும் ஓர் ஓட்டை இருந்தது. ஆணையர் உத்தரவிடும் வரை காத்திருக்கும் முதலாளிக்கு எந்த இழப்பும் இல்லை. வழக்கை இழுக்க இழுக்க அவருக்கு ஆதாயம்; காயமடைந்தவருக்கோ ஒவ்வொரு மாதமும் கடன். வயிற்றுப் பாட்டுக்காகச் சிலர் வந்த விலைக்குச் சமரசம் செய்துகொண்டனர்.

1959 இல் நாடாளுமன்றம் 4அ என்ற பிரிவைச் சேர்த்து இந்த ஓட்டையை அடைத்தது. அப்பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, இழப்பீடு சேர வேண்டிய உடனே கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, தொகையில் தகராறு இருந்தால், தான் ஒப்புக்கொள்ளும் அளவையாவது முதலாளி உடனே கொடுக்க அல்லது ஆணையரிடம் கட்ட வேண்டும். மூன்றாவது, சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டி உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அப்போது வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். 1995 திருத்தத்தில் அது குறைந்தது 12 சதவீதமாயிற்று.

ஒரு தச்சரின் வழக்கு

'சேர வேண்டிய நாள்' என்பது எந்த நாள்? விபத்து நடந்த நாளா, ஆணையர் உத்தரவிட்ட நாளா? இந்த ஒரு சொல்லில் பல ஆண்டு வட்டி அடங்கியிருந்தது.

ஒடிசாவின் ஜெய்ப்பூரில், ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968 ஜூலை 6 அன்று கீழே விழுந்தார். அவருடைய இடக்கையைத் துண்டிக்க நேர்ந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், உழைப்புத் திறன் முழுவதும் போனதாகவே ஆணையர் கணக்கிட்டார். இழப்பீடு 9,800 ரூபாய். அதன்மேல் 50 சதவீத அபராதம், 6 சதவீத வட்டி. ஆக மொத்தம் 15,092 ரூபாய்.

ஆணையர் முடிவு செய்யும் வரை தொகை சேர வேண்டியதாக ஆகாது, ஆகவே அபராதமும் வட்டியும் கூடாது என்று முதலாளி வாதிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. காயம் நேர்ந்த உடனே முதலாளியின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. ஆணையரின் உத்தரவு அதை அளந்து சொல்கிறது, அவ்வளவே. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபதா என்ற இத்தீர்ப்பு இன்றும் இத்துறையின் மூலைக்கல். உடனே கொடுக்க வேண்டிய பணம் அது என்று சொல்லி முடிக்கவே ஏழு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் குழப்பம் மீண்டும் வந்தது. 2007 இலும் 2009 இலும் உச்ச நீதிமன்றத்தின் சிறிய அமர்வுகள் சில வழக்குகளில் ஆணையரின் உத்தரவு நாளை வைத்து வட்டி கணக்கிட்டன. அதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் பழைய வட்டியைத் தர மறுத்தன. 2012 இல் ஓரியண்டல் இன்சூரன்ஸ் எதிர் சிபி ஜார்ஜ் வழக்கில், 1975 ஆம் ஆண்டின் பெரிய அமர்வுத் தீர்ப்பே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விபத்து நாளே கணக்கின் தொடக்க நாள் என்பது அத்துடன் உறுதியானது.

வேலை ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில்

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆரணியின் பட்டுத்தறிகளும் நெல் அரவை ஆலைகளும், செங்கல் சூளைகளும், கல் உடைக்கும் இடங்களும், கிணறு வெட்டும் வேலையும் இங்குள்ள பிழைப்புகள். செய்யாறு சிப்காட் வளர்ந்தது பிற்காலத்தில். மழை பொய்த்தால் கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போவது இங்குப் பல கிராமங்களில் வழக்கம். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் வேலையாள், சித்தாள் என்று குடும்பமாகவே போவார்கள்.

பழைய விதிப்படி, விபத்து எங்கு நடந்ததோ அங்குள்ள ஆணையரிடமே வழக்குப் போட வேண்டும். பெங்களூரில் சாரம் சரிந்து இறந்தவரின் மனைவி, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்த பிறகு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் மொழி தெரியாத அந்த ஊருக்குப் போய்வர வேண்டும். ஒரு நாள் வாய்தா என்றால் இரண்டு நாள் கூலி போகும். பலர் வழக்கே போடாமல் விட்டதற்கு இது போதிய காரணம்.

1995 திருத்தம் இதை மாற்றியது. விபத்து நடந்த இடம், உரிமை கோருபவர் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். இதனால் பெங்களூரு விபத்துக்கும் சொந்த மாவட்டத்துக்குரிய ஆணையரிடமே மனுக் கொடுக்க வழி பிறந்தது. திருவண்ணாமலை வட்டாரத்துக்கு அந்தப் பொறுப்பை வேலூரில் உள்ள தொழிலாளர் துறை அதிகாரி நெடுங்காலம் வகித்துவந்தார். வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதுவும் தொலைவுதான், ஆனால் காலையில் பேருந்து ஏறி மாலையில் திரும்பிவிடலாம், தமிழிலேயே பேசலாம்.

2000 ஆம் ஆண்டுத் திருத்தம் அன்றாடங்காய்ச்சிகளைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன், தற்காலிகமாக வந்து போகும் ஆளைத் 'தொழிலாளி' என்ற வரையறையிலிருந்து விலக்கும் சொற்கள் சட்டத்தில் இருந்தன. 2009 திருத்தம் சட்டத்தின் பெயரைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றியதோடு, ஆணையர் மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும், உண்மையில் செலவான மருத்துவச் செலவை முதலாளி தர வேண்டும் என்றும் சொன்னது. 2017 முதல், வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதும் முதலாளியின் கடமையாயிற்று.

ஒரு கணக்கு

தாமதத்தின் அளவை எண்ணில் பார்ப்பது நல்லது. 30 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச மாதச் சம்பளமும் இதுவே. 30 வயதுக்கு அட்டவணை தரும் காரணி எண் 207.98.

அவர் இறந்தால், சம்பளத்தில் பாதியான 7,500 ஐ 207.98 ஆல் பெருக்க வேண்டும். விடை 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனமானால் சம்பளத்தில் 60 சதவீதமான 9,000 ஐப் பெருக்க வேண்டும். விடை 18,71,820 ரூபாய். கட்டைவிரலை மட்டும் இழந்தால் அட்டவணைப்படி 30 சதவீதம். அது 5,61,546 ரூபாய்.

இந்தக் கட்டைவிரல் தொகையை முதலாளி மூன்று ஆண்டு தாமதித்தால், 12 சதவீதத் தனிவட்டி மட்டும் ஏறத்தாழ 2,02,157 ரூபாய் ஆகும். தகுந்த காரணம் இல்லாத தாமதமானால் அபராதம் 2,80,773 ரூபாய் வரை போகலாம். "பத்தாயிரம் தருகிறேன், கையெழுத்துப் போடு" என்று மருத்துவமனைக் கட்டிலருகே நீட்டப்படும் வெள்ளைத்தாளை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டவரும் கலங்க வேண்டியதில்லை. சமரச ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். இறப்பு இழப்பீட்டை ஆணையரிடமே கட்ட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் குடும்பத்தின் கையில் கொடுத்தது இழப்பீடு ஆகாது. மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமாக மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

சட்ட உதவி நாடும் வழி

1976 இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39அ பிரிவு, ஏழ்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்றது. அதன்படி 1987 இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் இச்சட்டப்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். கணவரை இழந்த பெண்ணும், விபத்தில் ஊனமுற்றவரும் இந்த வரிசையில் வந்துவிடுகிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வழக்கை நிறுத்துவது தாள்களே. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, ஊன சதவீதச் சான்று, வயதுச் சான்று, கூலி வாங்கியதற்கான ஏதேனும் அடையாளம் ஆகியவை முதன்மையானவை. பேருந்துச் சீட்டு, மேஸ்திரி பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, உடன் வேலை செய்தவரின் சாட்சி எல்லாம் உதவும். 1923 ஆம் ஆண்டுச் சட்டப்படி கோரிக்கைக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம்.

வேறு இரண்டு வழிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தில் சேர்ந்தவர், அந்த நிறுவனத்திடமே பலன் பெற வேண்டும். முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 இல் அமைந்தது. அது தரும் விபத்து உதவி வாரியத்தின் நலத்திட்டம். முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு.

உத்தரவு கிடைத்த பிறகும் பணம் வராமல் போவதுண்டு. அப்போது நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க ஆணையர் நடவடிக்கை எடுக்கலாம். முதலாளி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய விரும்பினால், உத்தரவிட்ட தொகையை முதலில் ஆணையரிடம் கட்டிய சான்று வேண்டும். மேல்முறையீடு என்ற பெயரில் கொடுக்காமல் இழுப்பதை இது தடுக்கிறது.

இன்றைய நிலை

1923 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வேலையோடு தொடர்புபட்டு நேரும் விபத்தும் இப்போது கணக்கில் வருகிறது. ஆணையரின் இடத்தில் தகுதியுள்ள அதிகாரி என்ற பெயர் வந்துள்ளது. உரிய காலத்தில் கொடுக்காதவர் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற 1959 ஆம் ஆண்டின் ஏற்பாடு புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

நூறு ஆண்டுகளில் சட்டம் தொழிலாளியின் பக்கம் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. முதலாளியின் தவற்றைக் காட்டும் சுமை நீங்கியது, தொகை உயர்ந்தது, வழக்குப் போடும் இடம் வீட்டுக்கு அருகே வந்தது, தாமதத்துக்கு விலை குறிக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் தானாக நடப்பதில்லை. யாராவது ஒரு மனுவை எழுதி உரிய அலுவலகத்தில் கொடுத்து, அதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கி வைக்க வேண்டும். சட்டம் கடனை விபத்து நாளிலேயே எழுதிவிட்டது; அதை வசூலிக்கும் வேலை அந்த மனுவில்தான் தொடங்குகிறது.